பதினேழாவது படம்

"நல்லா பாத்தியா?" என்று யாராவது கேட்டால் எனக்கு இப்போதும் சுருக்கென்று கோபம் வருகிறது. வீட்டில் சாவியைத் தேடிக்கொடுக்கும்போது என் மனைவி கேட்டால்கூட வள்ளென்று விழுகிறேன். காரணத்தில் பாதி அவளுக்குத் தெரியும். அதனால் பேசாமல் போய்விடுவாள்.

அந்தக் கேள்வி எங்கள் அடுத்த வீட்டு அக்காவுடையது. மில்லர்புரத்தில் எங்கள் தெருவில் அதை வேறு யாராவது கேட்டால் அக்காவைக் கிண்டல் செய்கிறார்கள் என்று அர்த்தம். மீன்காரர் "சாளை இல்ல தாயி" என்பார். "கூடைக்கு அடியில நல்லா பாத்தியளா அண்ணாச்சி?" என்பாள். கரண்டு கணக்கு எடுக்க வருகிறவர் அட்டையில் எழுதிவிட்டுப் படி இறங்கும்போது, "நல்லா பாத்தியளா சார்?" என்பாள். பாவசங்கீர்த்தனத்துக்குப் போன இடத்தில் சாமியார் "உன் பாவங்கள் மன்னிக்கப்பட்டன" என்று சொல்ல, "நல்லா பாத்தியளா சாமி?" என்று கேட்டாளாம். இது தெருவில் கட்டிவிட்ட கதை. கட்டிவிட்டவன் நான்தான். அவள் காதுக்கும் போயிற்று. "நெசமாவே கேக்கணும்னு நெனச்சேம்லே, வாய் வரல" என்று சிரித்தாள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவள் கேட்ட பிறகு மறுபடி தேடினால் பாதி நேரம் பொருள் கிடைத்துவிடும். கூடைக்கு அடியில் நாலு சாளை கிடக்கும். கணக்கு எடுத்தவர் ஒரு எண்ணை மாற்றி எழுதியிருப்பார். மனுஷர்கள் ஒருதரம் பார்ப்பது பார்ப்பதே இல்லை என்பது அவள் கட்சி. அதை நான் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை, ஏனென்றால் பார்ப்பதுதான் என் பிழைப்பு.

அக்காவை மணப்பாட்டில் அடக்கம் செய்தோம். அவள் பிறந்த ஊர். கடற்கரை மணல் என்பதால் குழி வெட்ட வெட்டச் சரிந்துகொண்டே இருந்தது. முதல் பிடி மண் போட வேண்டியது மகன். மகன் இல்லை. அவள் தங்கச்சி என் தோளைப் பிடித்து முன்னே தள்ளி, "நீ போடுப்பா, அவளுக்கு நீதான் எல்லாம் பாத்த" என்றாள். போட்டேன். அந்தப் பிடி மண்ணைப் போடத் தகுதியில்லாத ஒரே ஆள் அந்தக் கூட்டத்தில் நான்தான். அதை யாரிடமும் அங்கே சொல்ல முடியவில்லை.

அவளுக்கு ஒரே மகன். புருஷன் சின்ன வயதிலேயே செத்துப்போனார். கல்யாண வீடு, கோயில் திருநாள், கொடியேற்றம் என்று எங்கே பெரிய அண்டா ஏறினாலும் அங்கே போய்ச் சமைத்து அவனை வளர்த்தாள். கப்பல் வேலைக்கான படிப்பில் சேர்த்துவிட்டாள். அவனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. பாதியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது.

அக்கா குசினியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாளாம். நான் சாத்தான்குளத்துக்காரன், எங்கள் வீட்டில் அடுக்களை, அவர்கள் வீட்டில் குசினி. கையில் மீன் செதிலோடு எழுந்து வந்து, "என் கண்ணுல முழிக்காத, போ" என்றாள். இதைச் சொல்லாத தாய் எங்கள் ஊரில் ஒருத்திகூடக் கிடையாது. சொன்ன கையோடு அவனுக்கும் சேர்த்துத்தான் உலையில் அரிசி போட்டாள். சாயங்காலம் வருவான் என்று நினைத்தாள். அவன் வரவே இல்லை.

"எத்தனையோ சொல்லியிருக்கேன். படின்னேன், குடிக்காதன்னேன், பூசைக்கு வான்னேன். ஒன்னையும் கேக்கல. அன்னைக்கு ஒருநாள்தாம்லே அவன் என் சொல்லு கேட்டான்" என்று என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள். சொல்லும்போது அழவில்லை. நான்தான் எழுந்து வெளியே போனேன்.

மூன்று வருஷம் கழித்துத் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. அப்போது நான் பக்கத்தில்தான் இருந்தேன், ஒலிபெருக்கியில் போட்டிருந்தாள். "அம்மா, நான் நல்லாருக்கேன். இங்கன மலை இருக்கு, ஆறு இருக்கு, பெரிய டவுனுதான். ஒரு கொறையும் இல்ல. தேடாதிய." அவ்வளவுதான். திரும்பக் கூப்பிட்டால் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. வடக்கே எங்கேயோ வாங்கின எண் என்பதற்கு மேல் எதுவும் தெரியவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் போய்ச் சொன்னோம். வயசு வந்தவன், தானாகப் போனவன், நல்லா இருக்கேன் என்று அவனே சொல்கிறான், இதற்கு மேல் என்ன செய்யச் சொல்கிறீர்கள் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

மலை, ஆறு, பெரிய டவுன். இந்த மூன்றை வைத்துக்கொண்டு இந்த நாட்டில் ஒருத்தனை எங்கே தேட? அக்கா அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள்.

எங்கள் ஊரிலிருந்து கோடை விடுமுறையில் வடக்கே காசி, ஹரித்துவார், ரிஷிகேஷ் என்று சுற்றுலா பஸ் போகும். இருபத்தாறு நாள், நாற்பது பேர். நம் ஆட்களுக்கு மூன்று நாள் ரொட்டி தின்றால் நாலாம் நாள் சாமியாவது பூதமாவது. அதனால் பஸ்ஸின் அடிவயிற்றில் அரிசி, பருப்பு, புளி, கேஸ் அடுப்பு, அண்டா எல்லாம் ஏற்றி, சமைக்கவும் ஆள் கூட்டிப் போவார்கள். அந்த வேலைக்கு அக்கா போய் நின்றாள். நெத்திலி கருவாடு இல்லாமல் சோறு இறங்காத மணப்பாட்டுக்காரி, நாற்பது யாத்திரைக்காரர்களுக்கு வெங்காயம் பூண்டு போடாத சாம்பார் வைக்கக் கிளம்பினாள்.

சுற்றுலா மேனேஜர் நல்ல மனுஷர். ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார்: "கழுத்துல கெடக்க சிலுவைய மட்டும் சேலைக்குள்ள போட்டுக்கோங்கக்கா. வாரவங்க ஒரு மாதிரி நெனப்பாங்க."

"அவருக்கென்ன, உள்ள கெடந்தாலும் வேர்க்கும், வெளிய கெடந்தாலும் வேர்க்கும்" என்று உள்ளே தள்ளிக்கொண்டாளாம்.

நாலு கோடை அப்படிப் போனாள். பஸ் நிற்கிற இடத்தில் எல்லாம் உலையை ஏற்றிவிட்டு அரை மணி, ஒரு மணி, கூட்டத்துக்குள் நுழைந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு வந்து குழம்பைத் தாளிப்பாள். நாலு கோடையும் தன் கண்ணால் பார்த்தாள். ஐந்தாவது கோடைக்குள் சர்க்கரை நோய் கண்ணுக்கு ஏறிவிட்டது.

கிளம்புவதற்கு முந்தின நாள் போனை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"ஏலே, எனக்கு இப்ப ஆளு தெரியுது, மூஞ்சி தெரியல. இந்தப் போனுக்குத் தெரியும்லா? நான் படம் எடுத்து அனுப்புதேன். நீ பெருசாக்கி ஒவ்வொரு மூஞ்சியா பாத்துச் சொல்லணும்."

"நான் எதுக்குக்கா? மணப்பாட்டுல ஒங்க தங்கச்சி இருக்காவல்லா?"

"அவ அழுவா. அழுதுக்கிட்டு என்னத்தப் பாக்க? நீ தோணியில மூட்டை எண்ணுதவன். ஆயிரம் மூட்டையில ஒரு மூட்டை கிழிஞ்சிருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாதுன்னு நீதானல பீத்திக்கிடுவ?"

பீத்திக்கொண்டது உண்மை. நான் பழைய துறைமுகத்தில் டாலி கிளார்க். மாலத்தீவுக்குப் போகிற தோணிகளில் சிமென்ட், வெங்காயம், அரிசி என்று ஏறுகிற மூட்டைகளை எண்ணிக் கோடு போடுகிற வேலை. நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு, ஐந்து.

"ஒரு நாளைக்கு எத்தன படம் அனுப்புவிய?"

"ஒன்னு."

"ஒன்னா? போனுல எடுக்கதுக்குக் காசா பணமா, நூறு எடுத்து அனுப்புங்க."

"ஒன்னுன்னா பாப்ப. நூறு அனுப்புனா தள்ளி விட்டுருவ. எனக்கு ஒன்னயத் தெரியாதாலே?"

அடையாளமும் சொன்னாள். எனக்குத் தெரிந்ததுதான், என் கண் முன்னால் வளர்ந்தவன்தான், இருந்தாலும் சொன்னாள். எட்டு வயதில் மணப்பாட்டில் தூண்டில் வீசி விளையாடும்போது இடது காதில் முள் மாட்டி மடல் கிழிந்துபோனது. கிழிந்தது கிழிந்தபடியே ஆறிவிட்டது. "தாடி வளத்திருப்பான், மெலிஞ்சிருப்பான். காதை என்ன செஞ்சிருவான்?"

முதல் நாள் படம் வந்தது. பஸ் நிலையம், பூக்கடை, மூலையில் அக்காவின் பெருவிரல். எங்கேயோ பார்த்த இடமாக இருக்கிறதே என்று பார்த்தால் எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிற விளாத்திகுளம். அங்கே பத்துப் பேரை ஏற்றிக்கொள்ள பஸ் நின்றிருக்கிறது.

குரல் பதிவில் கேட்டேன்: "யக்கா, விளாத்திகுளத்துல எதுக்குக்கா?"

"ஏன், அங்கன இருக்கக்கூடாதா?"

பெருசாக்கி, ஒவ்வொரு முகமாகப் பார்த்து, "இல்லைக்கா" என்றேன். உடனே வந்தது: "நல்லா பாத்தியாலே?" "பாத்தேங்க்கா." இப்படித்தான் இருபத்தாறு நாளும். படம், இல்லைக்கா, நல்லா பாத்தியா, பாத்தேன்.

அந்தப் படங்களை ஊர் சுற்றிய படம் என்று யாரிடமும் காட்ட முடியாது. ஹைதராபாத்தில் நாலு கோபுரத்தில் அரைக் கோபுரம் மட்டும் ஓரத்தில் தெரியும், மற்றதெல்லாம் வளையல் கடைக் கூட்டம். நர்மதை ஆறு என்றாள், படத்தில் இடுப்புத் துண்டோடு துவைக்கிற ஆட்களின் முதுகுதான் இருந்தது. விந்திய மலையில் பாதை அடைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் பஸ் நின்ற நாளில் மற்றவர்கள் பள்ளத்தாக்கைப் படம் எடுக்க, அக்கா வரிசையாக நின்ற லாரிகளின் டிரைவர்களை எடுத்து அனுப்பினாள். மேனேஜர் பிறகு என்னிடம் சொன்னார்: "எல்லாரும் மலையப் பாத்து நிப்பாங்க சார். ஒங்க அக்கா மட்டும் மலைக்கு முதுகக் காட்டிக்கிட்டு நிப்பாங்க."

முதல் பத்து நாள் நான் ஒழுங்காகத்தான் இருந்தேன். சாயா குடிக்கப் போகும்போது படகு நிழலில் உட்கார்ந்து ஒரு முகம் விடாமல் பார்ப்பேன். காசிப் படத்துக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. அத்தனை படி, அத்தனை தலை. அதில் நீலச் சட்டை போட்ட ஒருத்தன் படகைக் கட்டிக்கொண்டிருந்தான். நெற்றி, மூக்கு, நிற்கிற நிற்பு, எல்லாம் அவனேதான். இடது காது நிழலில் இருந்தது. உடனே கூப்பிட்டேன்.

"யக்கா, படிக்கு இடது பக்கம், நீலச் சட்டை, படகுக்காரன்..."

கரண்டியைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறாள். கண் தெரியாமல் அந்தப் படிகளில் ஓடியிருக்கிறாள். போனைக் காதில் வைத்தபடி நான் வழி சொல்ல, மூச்சிரைக்க இறங்கி, அவன் கையைப் பிடித்துவிட்டாள். அவன் தெலுங்கில் ஏதோ கேட்டது எனக்கே கேட்டது. இரண்டு காதும் முழுசாக இருந்ததாம். அன்று நாற்பது பேரும் அடிப்பிடித்த சோறு தின்றார்கள். அவனுக்கும் ஒரு தட்டு வைத்தாள்.

"மன்னிச்சிருங்கக்கா."

"என்னத்துக்கு? நீ பாத்தல்லா, அது போதும். பாவம், அவனையும் ஒருத்தி தேடிக்கிட்டு இருப்பா" என்றாள்.

அவள் என்னைக் குறை சொல்லவில்லை. எனக்குத்தான் மனசு விட்டுப்போயிற்று. இனிமேல் நன்றாகத் தெரியாமல் வாயைத் திறக்கக்கூடாது என்று எண்ணிக்கொண்டேன். அப்படி எண்ணிக்கொண்ட பிறகு பார்ப்பதும் குறைந்தது. இருக்கிறான் என்று சொல்வதற்குத்தான் நன்றாகப் பார்க்க வேண்டும். இல்லை என்று சொல்ல ஒரு பார்வை போதும்.

பதினேழாம் நாள் கடைசித் தோணி ஏறிக்கொண்டிருந்தது. காற்றுக்காலம் தொடங்கிவிட்டால் எங்கள் தோணிகள் கடலுக்குப் போகாது, கரையிலேயே மாதக்கணக்கில் கிடக்கும். அதனால் அதற்கு முந்தின வாரம் துறைமுகத்தில் பேய் பிடித்த மாதிரி வேலை நடக்கும். மத்தியான வெயில். வெங்காய மூட்டை இருபது இருபதாகக் கயிற்று வலையில் கட்டித் தூக்கி இறக்குகிறார்கள். அந்த மாதிரி நேரத்தில் நாங்கள் மூட்டையை எண்ணமாட்டோம். வலை நிறைந்திருந்தால் இருபது. பார்த்தும் பார்க்காமலும் கோடு போடுவோம். இதற்குக் கண்கணக்கு என்று பெயர். அட்டையில் பார்த்தால் எண்ணினதற்கும் எண்ணாததற்கும் கோடு ஒரே மாதிரிதான் இருக்கும்.

ஒரு கையில் அட்டை, ஒரு கையில் பேனா, போன் சட்டைப் பையில். படம் வந்தது. வெளியே எடுத்துப் பார்த்தேன். சின்னதாகக் கூட்டம், மூலையில் பெருவிரல். பெருசாக்கவில்லை. போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்து "இல்லைக்கா" என்றேன்.

திரும்ப வந்தது: "நல்லா பாத்தியாலே? இன்னைக்கு என்னமோ மனசு கெடந்து அடிச்சிக்கிடுது. அங்கன ஒரே இரைச்சலா இருக்கே, வேலையா? வேலைன்னா பொறவு பாத்துச் சொல்லு. இங்கன இன்னும் ஒரு மணி நேரம் நிப்போம்."

தோணிக்காரர் மேலேயிருந்து கத்துகிறார். வலை தலைக்கு மேல் ஆடுகிறது. நான் சொன்னேன்: "பாத்துட்டேங்க்கா."

சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். சாயங்காலம் உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருந்தது. மறுநாள் பதினெட்டாவது படம் வந்து அதற்கு மேல் உட்கார்ந்துகொண்டது. அதற்கு ஒழுங்காகப் பார்த்து "இல்லைக்கா" சொன்னேன். பதினேழாவது படம் எனக்கு மறந்தே போயிற்று.

இருபத்தாறாம் நாள் அக்கா வந்து இறங்கினாள். பஸ் படியில் காலை வைக்கத் தெரியாமல் தடவிக்கொண்டு இறங்கினாள். அந்த வாரமே கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் விளக்கை அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, நரம்பு போய்விட்டது, இருக்கிற வெளிச்சமும் கொஞ்ச நாள்தான் என்றார்.

"நல்லா பாத்தியளா டாக்டர்?"

அவர் சிரிக்கவில்லை. "மூனு தடவ பாத்துட்டேம்மா" என்றார்.

ஆட்டோவில் வரும்போது, "இவர் மூனு தடவ பாத்திருக்காரு பாரு" என்றாள். அந்தப் பேச்சில் குறை இல்லை, பாராட்டுத்தான் இருந்தது. நான் ஜன்னல் இல்லாத ஆட்டோவில் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். அப்போதுகூட எனக்குப் பதினேழாவது படம் ஞாபகத்துக்கு வரவில்லை.

ஞாபகத்துக்கு வந்தது ஐப்பசி மழையில். போனில் இடம் இல்லை என்று காட்டிக்கொண்டே இருந்தது. வேண்டாத படங்களை அழிக்க உட்கார்ந்தேன். அக்காவின் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்தவன், ஒரு படத்தில் நின்றேன். மற்ற படங்களை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், குறைத்துப் பார்த்த நாட்களில்கூட அந்த அளவுக்குப் பார்த்திருந்தேன். இது புதுசாக இருந்தது.

ரிஷிகேஷ். பின்னால் மலை. மலைக்குக் கீழே பச்சையாக ஆறு. ஆற்றங்கரையில் அடுக்கடுக்காகக் கட்டிடம், பஸ், ஆட்டோ, பெரிய டவுன். மூன்றும் ஒரே படத்தில் வந்திருந்தது அந்த ஒரு நாள்தான். முன்னால் ஒரு தள்ளுவண்டி டீக்கடை. கையில் கெட்டிலோடு தாடி வைத்த ஒருத்தன். அந்தக் கூட்டத்தில் அத்தனை பேரும் ஆற்றையும் மலையையும் பார்த்துக்கொண்டிருக்க, படம் எடுக்கிறவளைப் பார்த்து நின்றது அவன் மட்டும்தான்.

பெருசாக்கினேன். இடது காதுக்கு வந்தபோது படம் கட்டம் கட்டமாக உடைந்துவிட்டது. மடல் கிழிந்த மாதிரியும் இருந்தது, பின்னால் தொங்கிய துணியின் மடிப்பு மாதிரியும் இருந்தது. அக்கா வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த மகனின் படத்தைப் பார்க்க ஏதோ சாக்குச் சொல்லிப் போனேன். பார்த்தேன். அவன்தான் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. இல்லை என்று அடுத்த நிமிஷம் தோன்றியது. அக்கா உள்ளேயிருந்து, "யாரு, நீயால? உக்காரு, காப்பி போடுதேன்" என்றாள். அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கண்ணில்லாதவளை அவ்வளவு தூரம் அலையவிடக்கூடாது, காசியில் நடந்த மாதிரி ஆகிவிடக்கூடாது என்றெல்லாம் எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். எல்லாம் பொய். ஒரு மணி நேரம் அவள் அங்கே நின்றிருந்தாளே, அப்போதே ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்பாள். அதற்குப் பயந்தேன். ஒருவேளை அது அவனாகவே இருந்தால், பத்தடி தூரத்தில் நிற்கிற தாயைப் பார்த்துக்கொண்டு கெட்டிலோடு நின்றிருக்கிறான், கூப்பிடவில்லை. அதை அவளிடம் எந்த வாயால் சொல்ல?

மேனேஜரைத் தனியாகப் பார்த்துப் படத்தைக் கொடுத்தேன். அக்காவுக்குத் தெரிய வேண்டாம் என்றேன். பஸ் அடுத்த கோடைக்குத்தான் போகும். நானே ரயில் ஏறியிருக்கலாம். மூன்று நாளில் போய்விடலாம். ஏறவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்கத் தினமும் ரயில் நேரத்தைப் பார்த்துவிட்டுப் போனை வைத்துவிடுவேன்.

அடுத்த கோடையில் பஸ் அக்கா இல்லாமல் போயிற்று. புறப்படுகிற அன்று வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று, "சாம்பார்ப் பொடி எடுத்து வச்சாவளா? நல்லா பாத்தாவளா?" என்று யாரிடம் என்றில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பஸ் திரும்பி வந்ததும் மேனேஜர் என்னைத் துறைமுக வாசலுக்கே தேடிவந்தார். "அந்த எடத்துல இப்ப வண்டிக்கடை இல்ல சார். பக்கத்துல பூ விக்கிற அம்மாகிட்ட படத்தக் காட்டிக் கேட்டேன். மதராசி ஒருத்தன் இருந்தான், அஞ்சாறு வருஷமா இந்த ஊர்லதான் அங்கங்க டீ போட்டான், போன கோடையில ஒரு நாள் திடீர்னு கடைய வித்துட்டுப் போயிட்டான்னு சொன்னாங்க. எங்கன்னு தெரியாதாம்."

"பேரு?"

"எல்லாரும் மதராசின்னுதான் கூப்பிடுவாங்களாம்."

நான் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். அன்று முழுக்கத் தப்புத் தப்பாகக் கோடு போட்டு மேஸ்திரியிடம் திட்டு வாங்கினேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் அக்கா ஆள் விட்டுக் கூப்பிட்டாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், மடியில் செபமாலை. பார்வை சுத்தமாகப் போயிருந்தது. என் காலடிச் சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"ஏலே, இனிமே நான் எங்கனயும் போவ முடியாது. அந்தப் படம் இருவத்தாறும் இருக்கா, அழிச்சிட்டியா?"

"இருக்குக்கா."

"கடைசியா ஒரு தரம் முதல்லேர்ந்து பாத்துரு. அவசரமில்ல, நின்னு பாரு. அதுக்குப் பொறவு ஒன்னயத் தொந்தரவு பண்ணமாட்டேன்."

பக்கத்தில் உட்கார்ந்து போனைத் திறந்தேன். அவள் செபமாலையில் முதல் மணியைப் பிடித்துக்கொண்டாள். ஒரு படத்துக்கு ஒரு மணி. விளாத்திகுளம். முகம் முகமாகப் பார்த்தேன். இல்லைக்கா என்றேன். நல்லா பாத்தியா என்றாள். பாத்தேங்க்கா என்றேன். மணி நகர்ந்தது. ஹைதராபாத்து, நர்மதை, லாரி டிரைவர்கள், காசி. ஒவ்வொன்றுக்கும் கேட்டாள். நான் உண்மையாகவே பார்த்துத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பதினைந்து முடிந்தது. பதினாறு முடிந்தது.

பதினேழு. அவன் என்னைப் பார்த்துக்கொண்டு கெட்டிலோடு நின்றான். இந்தத் தடவை எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. தெருவில் ஒரு பால்காரர் மணி அடித்துக்கொண்டு போனார். அக்கா செபமாலை மணியைப் பிடித்தபடி இருந்தாள். அவள் கேட்டால் சொல்லிவிடுவது என்று அந்த இடத்தில் முடிவு செய்தேன். வழக்கம்போல நல்லா பாத்தியா என்று கேட்பாள். கேட்டதும் எல்லாவற்றையும் கொட்டிவிடுவேன், தோணியை, வெங்காயத்தை, ஒரு மணி நேரத்தை, மதராசியை. அடிக்கட்டும், திட்டட்டும், என் கண்ணில் முழிக்காதே என்று எனக்கும் சொல்லட்டும். அவள் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

"இல்லைக்கா" என்றேன். குரல் சரியாக வரவில்லை.

அக்கா என் பக்கம் திருப்பியிருந்த முகத்தைத் திருப்பிக்கொண்டாள். விரல் அந்த மணியிலேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அதைத் தள்ளி அடுத்ததைப் பிடித்தாள்.

"சரிலே. அடுத்தத பாரு" என்றாள். மிச்சம் இருந்த ஒன்பது படங்களுக்கும் "இல்லைக்கா" என்றேன். ஒன்றுக்கும் அவள் கேட்கவில்லை.